பதினேழு மைல் நடந்து வந்த கழிமுகம்

கடல் தியோங்கின் சமையலறைக்கு வந்த செவ்வாய்க்கிழமை அவளுக்குச் செம்பனைக் காட்டில் மருந்தடிக்கிற முறை. ஆகவே தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே எழுந்து, அடுப்பில் மரவள்ளிக்கிழங்கை ஏற்றிவிட்டு, தன் ஆட்கள் முப்பது வருடமாக எல்லாக் காலையிலும் செய்வதுபோல, விட்டுவந்த ஊரைப் பற்றி அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரையின் வெடிப்பில் முதலில் ஒரு குமிழி வந்தது, அதன் பின்னால் சேற்று வாசனையோடு தண்ணீர் வந்தது, கணுக்கால் வரைக்கும் ஏறி, கொஞ்சம் யோசித்து, முழங்கால் வரைக்கும் ஏறி, அங்கே நின்றது. தியோங் அரிசி மூட்டையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள், செருப்பை ஆணியில் மாட்டினாள், ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

“வந்துட்டியா?” என்றாள் தன் பாஷையில். “இவ்வளவு நாளா வழி தெரியலையா?”

ஆறு மணி நேரம் கழித்துத் தண்ணீர் வந்த வெடிப்பு வழியாகவே இறங்கிப் போனது. சுவரில் நுரைக்கோடு ஒன்றும், குழம்புச் சட்டியில் இரண்டு நண்டும், அடுப்படியில் துள்ளிக்கொண்டிருந்த சேற்றுமீன்களும் மிச்சம். கடற்கரை அங்கிருந்து பதினேழு மைல்.

தியோங்கின் ஆட்களுக்கு லூவாய் மக்கள் என்று பேர், நாற்பத்தொரு குடும்பம். ஒரு காலத்தில் மேற்குக் கரையில் ஆறு கடலில் விழுகிற கழிமுகத்தில், அலையாத்தி மரங்களுக்கு நடுவே, கால் நட்ட வீடுகளில் இருந்தார்கள். தியோங்குக்குப் பதினெட்டு வயதாகும்போது லாரிகள் வந்தன. முன்னேற்றம் என்றார்கள். அந்தச் சொல்லைக் காதில் கேட்டவன் உடனே தன் கூரையைத் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது கூரை இல்லை. செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், தமிழ்த் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு எதிரே, தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல நாற்பத்தொரு சிமெண்டு வீடு கட்டிக் கொடுத்து, இதுதான் ஊர் என்று பலகை நட்டார்கள். கழிமுகத்தில் ஓர் இறால் பண்ணைக் கம்பெனி தன் பலகையை நட்டது. லூவாய் பாஷையோ, மடகாஸ்கரில் ஆரம்பித்துப் பசிபிக் தீவுகள் வரைக்கும் கடலெல்லாம் சொந்தக்காரர்களைக் கொண்ட பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் சொந்தக்காரர் ஒருவரும் அந்தப் பதினேழு மைல் உள்ளே வந்து நலம் விசாரித்ததில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் நாற்பத்தொரு வீட்டுக்கும் கடல் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும், இரண்டு தடவை போகும், ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட முக்கால் மணிக்கும் சற்றுக் கூடுதலாகத் தாமதித்து வரும். அதனால் அந்தக் குடியிருப்பில் எதற்கும் ஒரு நேரம் என்பது இல்லாமல் போயிற்று. திங்கட்கிழமை விடியலில் சமைத்தவர்கள் அடுத்த திங்கட்கிழமை உச்சி வெயிலில் சமைத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேசைமேல் உட்கார்ந்து பாடம் எழுதி, தண்ணீர் வடிந்ததும் ஓடிப்போய் வேனைப் பிடித்தார்கள், படுத்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் சுவர்க்கோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தார்கள். தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் விசிலை ஊதி ஊதிக் களைத்து, கடைசியில் தன் பாக்கெட்டில் ஒரு நீர்மட்ட அட்டவணையை வைத்துக்கொண்டான்.

எதிர்லயத்துக்காரர்கள் முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் கூடையோடு வந்தார்கள். தியோங்கோடு இருபது வருடமாக மருந்து டேங்கை முதுகில் சுமக்கிற அங்கம்மா தினமும் வந்து பின்வாசலில் குந்திக்கொண்டு, அலமாரிக்கு அடியில் கையை விட்டு நண்டு பிடித்தாள். கோயில் பூசாரி, ஆடித் திருவிழாவுக்குக் கரகம் கரைக்க இனி வேன் பிடித்துக் கடலுக்குப் போக வேண்டாம், நாலாம் நம்பர் வீட்டுக் கூடமே போதும் என்று கமிட்டியில் பேசினார். மின்சார வாரியத்து ஆள் வந்து பிளக்கையெல்லாம் தோள் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் ‘அலை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, முழங்கால் தண்ணீரில் நின்றபடி, இந்தப் பாஷையைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்டது மொத்தம் ஏழே பக்கம் என்று துக்கத்தோடு சொன்னார். “அதுல எங்களத் திட்டினது எத்தனை பக்கம்?” என்று தியோங் கேட்டாள். அவர் எண்ணிப் பார்த்து, இரண்டு என்றார்.

கடல் எந்த இடத்துக்கு வருகிறது, எதற்கு வருவதில்லை என்பதைக் கண்டுபிடித்தது அங்கம்மாதான். தியோங்கின் வீட்டிலேயே அதற்கு அத்தாட்சி இருந்தது. சமையலறையில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது கூடம் காய்ந்து கிடந்தது. நடுவே கதவோ வரப்போ கிடையாது, தண்ணீர் கண்ணாடிச் சுவர்போல ஒரு கோட்டில் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் தியோங்கின் புருஷன் சுடின். அடுத்த மண்டோர் பதவி தனக்குத்தான் என்று நம்பி, விசில்கூட வாங்கி வைத்துக்கொண்டு, பத்து வருடமாக மலாய் தவிர வேறு பாஷை பேசாதவன் அவன்.

“ஏன்டி தியோங்கு, உன் வீட்டுக்காரர் பக்கம் மட்டும் ஏன் வறண்டு கெடக்கு?” என்று அங்கம்மா கேட்டாள்.

“அவர் எங்க பாஷை பேசமாட்டார்க்கா.”

“அதான பாத்தேன். பேசுற எடத்துக்குத்தான் வருது. மானமுள்ள தண்ணி.”

சுடின் நாற்காலியிலிருந்தே, “படிக்காதவங்க பேச்சு,” என்று மலாயில் சொன்னான். சொல்லிவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

லூவாய் பேச்சு இரண்டு வகை. நிலத்தில் நின்றால் நிலப்பேச்சு, தண்ணீரில் கால் வைத்துவிட்டால் நீர்ப்பேச்சு. தண்ணீரில் முதலையை முதலை என்று சொல்லக்கூடாது, பெரிய மாமா என்று சொல்ல வேண்டும். புருஷனைப் பேர் சொல்லாமல் கரையிலிருக்கிறவர் என்று சொல்ல வேண்டும். ஊரின் பேரையும் ஓடைகளின் பேரையும் வாயெடுக்கவே கூடாது, அந்தப் பக்கம் என்றோ அதற்கு அடுத்தது என்றோ சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீரில் நின்று பேர் சொன்னால், பேருக்கு உரியது தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எழுந்து வந்துவிடும். குடியிருப்பில் பிறந்த பிள்ளைகளுக்கு நீர்ப்பேச்சு தெரியாது. கால் நனைந்தால்தானே அது வேண்டும். இப்போது கட்டில்மேல் நிலப்பேச்சும் கட்டிலுக்குக் கீழே நீர்ப்பேச்சுமாகப் பிள்ளைகள் நாள் முழுக்க ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டார்கள். கழிமுகத்தின் நிலப்பேர் என்னவென்று இங்கே எழுதுவதற்கில்லை. படிக்கிறவர் எங்கே உட்கார்ந்து படிக்கிறார் என்று யாருக்குத் தெரியும்.

இரண்டாம் மாதம் செம்பனை மரங்கள் உப்பேறிச் சாயத் தொடங்கின. நில அலுவலகத்து அதிகாரி ஒருவர், தோட்டத்து மேனேஜரையும் இறால் கம்பெனி வக்கீலையும் கூட்டிக்கொண்டு தியோங்கின் வீட்டுக்கு வந்தார். இங்கே மரம் சாகிறது என்றால், அங்கே கழிமுகத்தில் இறால் குளமெல்லாம் வற்றிப் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டனவாம். முப்பது வருடமாக இந்த வாசலை மிதிக்காத மூன்று கனவான்களும் பேண்டைச் சுருட்டிக்கொண்டு, மேசையைச் சுற்றி நின்றார்கள். லூவாய் மக்களுக்குத் தலைவராக இருந்த தியோங்கின் அப்பா பத்தின் குலோப் செத்துப்போன பிறகு, அதிகாரிகளோடு பேசுகிற வேலை அவளுடையது. மலாயும் தமிழும் தெரியும், யாரைக் கண்டும் குரல் இறங்காது.

அதிகாரி ஒரு வரைபடத்தை விரித்து, மலாய் மரியாதைச் சொல்லோடு தொடங்கினார்.

“புவான் தியோங், கழிமுகம் எங்களுடையது என்று நீங்கள் மனுப் போட்டிருக்கிறீர்கள். மனுவில் நாற்பத்தொரு ஓடையின் பெயர் இருக்கிறது. அதில் ஒன்றுகூட இந்த வரைபடத்தில் இல்லை. இல்லாத ஊரிலிருந்து உங்களை யாரும் வெளியேற்றியிருக்க முடியாது.”

“வரைபடத்துல என்ன பேர் இருக்கு துவான்?”

அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். வாசிக்க வாசிக்கத் தியோங் முதலில் சிரித்தாள், பிறகு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அந்தப் பக்கம். அதற்கு அடுத்தது. வளைகிறது. அதுவேதான். இப்போது சொல்லாதே. அது அவள் அப்பாவின் குரல். சர்வேக்காரர்கள் படகில் வந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. அப்பாவைப் படகிலேயே ஏற்றிக்கொண்டு ஓடை ஓடையாகப் போய்ப் பேர் கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், தண்ணீரில் இருக்கிறவன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவர்கள் மையால் எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு மனுஷனின் மரியாதையை வைத்தே அவன் ஊரை அழிக்கலாம் என்பதை அரசாங்கங்கள் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. அது அவற்றுக்குத் தானாகவே வருகிறது.

“துவான், அது நீர்ப்பேர். படகுல உட்கார்ந்திருக்கிறவன்கிட்ட ஊர்ப்பேரைக் கேட்கக்கூடாது.”

வக்கீல் லேசாகச் சிரித்தார். மேனேஜர் நண்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது போகட்டும்,” என்றார் அதிகாரி. “நீங்கள் பேசினால் தண்ணீர் வருகிறது என்று லயமே சொல்கிறது; அது அலைதான் என்று மின்சார வாரியம்கூட எழுதியிருக்கிறது. முப்பது நாள், ஒருவரும் இந்தப் பாஷையைப் பேசாதீர்கள். தண்ணீர் நின்றால் இந்த வீடுகளுக்குப் பட்டா. நாற்பத்தொரு பட்டா. கழிமுகத்து மனுவை நீங்கள் வாபஸ் வாங்கிக்கொள்வீர்கள்.”

அவர்கள் போன பிறகு தியோங்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் வடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக் கொல்லையில் தோண்டினாள். இரண்டு முழத்தில் கறுப்புத் தண்ணீர் ஊறியது. செம்பனை போடுவதற்காகக் கால்வாய் வெட்டி வடித்த சதுப்பின்மேல்தான் அந்தக் குடியிருப்பைக் கட்டியிருந்தார்கள். மேலே சிமெண்டு, கீழே முழுக்கத் தண்ணீர். நிலம் என்று நம்பி, முப்பது வருடமாக, அடுப்பு முன்னாலும் தொட்டில் முன்னாலும் சாவு வீட்டிலும் கழிமுகத்தைப் பேர் சொல்லிப் பேசியிருந்தார்கள், நாற்பத்தொரு வீடும், பகலும் இரவும்.

“நாமதான் கூப்பிட்டிருக்கோம்,” என்று அன்று குடியிருப்பைக் கூட்டிச் சொன்னாள். “அது சும்மா வரலை.”

முப்பது நாள் பேசாமலிருப்பதை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சுடின் மட்டும் கை தூக்கினான். பிள்ளைகள் சிரித்ததும் தலையைச் சொறிவதுபோல இறக்கிக்கொண்டான். ஆனால் தோட்டக் கம்பெனிக்கு வேறு வழி தெரியும். மலைக்காடு என்று சொல்கிற தோட்டப் பிரிவுகளில் மூன்றை மூடியது, தண்ணீர் நிற்காவிட்டால் மாதக் கடைசியில் லயத்தில் பாதிப் பேருக்கு வேலை கிடையாது என்று ஆபீஸ் சுவரில் ஒட்டியது. ஏழைக்கு எதிராக ஏழையை நிறுத்த ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும்.

மறுநாள் சடையப்பன் வந்தார். தோட்டத்துச் சங்கத்தின் பழைய செயலாளர். ஒரு வேலைநிறுத்தத்துக்காக வெளியே தள்ளப்பட்டு, பிறகு சங்கத்துக்காரனை மனுஷர் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும் என்று பெரிய கால்வாயின் மடைக்கதவுக்குக் காவலாகப் போடப்பட்டவர். சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் இரண்டு பேனா. தியோங் நாற்காலியை நகர்த்தினாள்.

“உட்காருங்கண்ணே. காலை மேல வச்சுக்குங்க, நண்டு கடிக்கும்.”

அவர் உட்காரவில்லை. “நாப்பது வருசமா மேனேஜருக்கு எதிரா மனு எழுதின கை தியோங்கு இது. மொத தடவையா உனக்கு எதிரா எழுதியிருக்கு.”

“படிங்க.”

படித்தார். கீழ்க்கண்ட தொழிலாளர்களாகிய நாங்கள், எதிர்க்குடியிருப்பில் உள்ளவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று தொடங்கியது. நடுவில் ஒரு வாக்கியத்தை அவர் முழுங்கினார்.

“யார் யாரு கையெழுத்து?”

“லயத்துல எல்லாரும்.”

“அங்கம்மாக்காவுமா?”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். “மொதக் கையெழுத்தே அவதாம்மா.”

தியோங் தண்ணீரைக் காலால் அளைந்தாள். பிறகு கேட்டாள், “கம்பெனி எழுத வேண்டியத நீங்க எழுதிட்டு வந்திருக்கீங்க. தெரியுதாண்ணே?”

“தெரியும். தெரிஞ்சு எழுதறது எவ்வளவு கேவலமா இருக்குன்னு சொல்லத்தான் தபால்ல போடாம நானே வந்தேன்.”

அவள் மனுவை வாங்கிக்கொண்டாள். அங்கம்மாவுக்கு மூன்று பேத்திகள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போகும். அப்படி ஒரு வீடு போவது எப்படியிருக்கும் என்று தியோங்குக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய், முப்பது நாள் வாயை மூடிப் பார்ப்போம் என்றாள். அவளையே ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மூடினார்கள்.

முதல் நாள் தண்ணீர் வரவில்லை. தரைக்கு அடியில் வந்து நின்றது. சரியான நேரத்துக்கு வந்து, யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல சிமெண்டைத் தட்டி, கொஞ்சம் பொறுத்துத் தட்டி, போய்விட்டது. நாற்பத்தொரு வீட்டிலும் ஆட்கள் கடையில் சாமான் கேட்கிற குரலில் மலாய் பேசினார்கள். குழந்தைகளைத் தாலாட்டத் தெரியாமல் ரேடியோவை வைத்தார்கள். சண்டை போட ஆரம்பித்தவர்கள் பாதியில் சொல் கிடைக்காமல் எழுந்து வெளியே நடந்தார்கள்; வெளியே போனால் அங்கேயும் நாலு பேர் அதே மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் முழுக் குடியிருப்பும் நடந்தது. ஒருவருக்கும் உட்கார முடியவில்லை. சுடின்கூட மூன்றாம் நாள், “வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு,” என்று முணுமுணுத்தான்.

நாலாம் நாள் மருந்தடிப்பு. தியோங்கும் அங்கம்மாவும் வழக்கம்போல ஒரே நிரையில் போனார்கள், வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் போனார்கள். இருபது வருடமாக அந்த நிரையில் நடந்த பேச்சு முழுக்க லூவாய்தான். மண்டோருக்குப் புரியக்கூடாது என்பதற்காக அங்கம்மா கற்றுக்கொண்டது. தொப்பையன் மண்டோரை இருவரும் ‘வயிறு முன்னால் வருகிறவன்’ என்பார்கள். அது தியோங் செய்து கொடுத்த நீர்ப்பேர்.

பதினொரு மணிக்கு அங்கம்மா டேங்கை இறக்கி வைத்தாள். லூவாயில் சொன்னாள், “வயிறு முன்னால் வருகிறவன் வர்றான்.”

தியோங் உதட்டைக் கடித்துக்கொண்டு பம்பை அடித்தாள்.

“கையெழுத்துப் போட்டேன். ஆமா போட்டேன். ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லு.”

தியோங் தன் வாயைக் காட்டி, கையை ஆட்டினாள்.

“சொல்லமாட்ட? அப்ப நானே என்னத் திட்டிக்கிறேன், தப்பா இருந்தா திருத்து,” என்று அங்கம்மா ஆரம்பித்தாள். இருபது வருடத்தில் கற்ற அத்தனை வசவையும், ஆண்பாலில் இருந்ததைப் பெண்பாலாக மாற்றத் தெரியாமல், தன்னையே திட்டிக்கொண்டு நிரை முழுக்க நடந்தாள். தியோங்கின் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முகமூடிக்குப் பின்னால் தெரியவில்லை. பம்பை அடித்துக்கொண்டே நடந்தாள்.

நாலு மணிக்கு அங்கம்மா லயத்திலிருந்து முந்தானையைப் பிழிந்துகொண்டே ஓடி வந்தாள்.

“என் வீட்டுக்கும் வந்துருச்சுடி! அம்மன் படத்துக்கு முன்னால வச்ச வெளக்கு எரிஞ்சுக்கிட்டே மெதந்து கூடத்துக்குப் போகுது. பேத்திங்க மூணும் அதுக்குப் பின்னால நீந்துதுங்க. வீட்டுக்குப் போயும் எனக்கு அந்தத் திட்டு நிக்கலடி. உங்க ஆளுங்க வாயக் கட்டிட்டானுங்க, என் வாய எவன்டி கட்டுவான்?”

தியோங் அவளையே பார்த்தாள். அங்கம்மாவின் சேலையிலிருந்து கழிமுகத்துத் தண்ணீர் சொட்டி, காய்ந்த தரையில் கோலம்போல விழுந்தது. இதற்குமேல் மௌனத்துக்கு அர்த்தமில்லை. தாங்கள் பேசினாலும் லயத்துக்கு வேலை போகும், பேசாவிட்டாலும் வேறு எவளாவது பேசிக் கடல் வரும். கூப்பிட்ட குரலுக்குப் பதினேழு மைல் வந்தது அது. அதை வாசலில் நிறுத்தித் தட்ட விட்டுவிட்டு, கோபம் அதன்மேல் என்று நடிப்பதில் என்ன இருக்கிறது.

“அக்கா,” என்றாள் லூவாயில், நாலு நாள் கழித்து, உரக்க. தரைக்கு அடியில் தட்டிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. “நாங்கதான் கூப்பிட்டோம். நாங்கதான் கொண்டுபோய் விடணும்.”

“எங்க?”

“அதோட எடத்துல.”

“அங்க வேலி போட்டிருக்கானே.”

“தண்ணிக்கு வேலி ஏதுக்கா?”

அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. அமாவாசையின் கடலேற்றம்தான் பெரிது. மூன்று நாளும் நாற்பத்தொரு குடும்பம் கதவுகளைக் கழற்றியது. மருந்து ஸ்டோரின் காலி டிரம்களை லயத்து ஆண்கள் உருட்டிக்கொண்டு வந்தார்கள், ஒருவரும் கேட்காமல். கதவுக்குக் கீழே நாலு டிரம், மேலே பாய், அதன்மேல் சட்டி பானை. படகு செய்யத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் கதவை மிதக்க வைத்தார்கள். முதல் கதவு கவிழ்ந்தது, அடுத்தது நின்றது.

அமாவாசைக் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் இடுப்பு வரைக்கும் ஏறியது. தியோங் கூடத்துக் கோட்டருகே நின்று, “கரையிலிருக்கிறவரே, வர்றீங்களா?” என்று கேட்டாள். சுடின் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். “பட்டா கையெழுத்துப் போட ஒருத்தனாவது இருக்கணும்,” என்றான் மலாயில். அவள் திரும்பி இரண்டு எட்டு வைத்திருப்பாள். ஒரு நண்டு கோட்டைத் தாண்டி, காய்ந்த தரையில் குறுக்காக நடந்து போய், அவன் கால் கட்டைவிரலைப் பிடித்தது. பத்து வருடமாக அடக்கி வைத்திருந்த லூவாய் வசவு, அவன் அப்பன் படகிலிருந்து விழும்போது சொல்லும் வசவு, முழுசாக வெளியே வந்தது. கடல் ஒரே பாய்ச்சலில் கூடத்துக்குள் புகுந்து நாற்காலியோடு அவனைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தது.

“ஏறுங்க,” என்றாள் தியோங், கதவைப் பிடித்துக்கொண்டு.

பெரிய கால்வாயின் மடைக்கதவு மேனேஜர் உத்தரவின்படி மூடியிருந்தது. சடையப்பன் மேடைமேல் நின்றார். நாற்பத்தொரு கதவும் வரிசையாக வந்து நின்று, தண்ணீர் பின்னாலிருந்து முட்ட, ஆடிக்கொண்டிருந்தன.

“உங்க வேலை போயிரும்ணே,” என்றாள் தியோங்.

“எத்தனையோ வாசல்ல நின்னு தொறங்கடா தொறங்கடான்னு கத்தியிருக்கேன். ஒண்ணையும் தொறந்ததில்ல. சக்கரம் என் கையிலயே இருக்கிறது இந்த ஒரு கதவுதான்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். துரு பிடித்த சத்தம் லயம் வரைக்கும் கேட்டது. கரையில் ஓடி வந்த அங்கம்மா, தியோங்கின் கதவு தாண்டுகிற வரைக்கும் லூவாயில் ஏதோ கத்தினாள். அதில் பாதி வாழ்த்து, பாதி இன்னும் ஆண்பாலிலேயே இருந்த வசவு.

இறக்கம் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள்கூட வழி முழுக்க நீர்ப்பேச்சு மட்டுமே பேசினார்கள், ஒரு பேர் தவறினாலும் கழிமுகம் பாதியில் நின்று திரும்பிவிடும் என்ற பயத்தில். சாலைப் பாலத்துக்கு அடியில் போகும்போது லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திக் கை காட்டினார்கள். பின்னால் குடியிருப்பில் தண்ணீர் கடைசித் துளி வரைக்கும் வடிந்து, அவர்களுக்குப் பின்னால் வாலைப் போல வந்தது. ஆறு மணி நேரத்தில் கரையை எட்டினார்கள். அங்கே கழிமுகம் இல்லை, கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல வெறும் தரை. அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் வேலிக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, ஓடை ஓடையாகப் பிரிந்து, தன் தன் இடத்தைத் தேடிப்போய்ப் படுத்துக்கொண்டது. நண்டுகள் இறங்கின. மேடான இடத்தில் கதவுகளைச் செங்குத்தாக நட்டு, அன்றைக்குச் சுவர் என்று வைத்துக்கொண்டார்கள்.

அஞ்சாம் நாள் ஒரு விசைப்படகு வந்தது. அதே அதிகாரி, கையில் அதே வரைபடம், கூட இரண்டு போலீஸ்காரர்கள். தியோங் தொடையளவு தண்ணீரில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேட்டில் நாற்பத்தொரு குடும்பமும் எழுந்து நின்றது. சுடின் விசிலைப் பிடித்துக்கொண்டான்.

“புவான் தியோங், இது கம்பெனி நிலம். நீங்கள் இருக்க உரிமை உண்டு என்றால் முதலில் இந்த இடத்துக்குப் பெயர் வேண்டும். சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். பெயர் இல்லையென்றால் இவர்கள் தங்கள் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கும்.”

கேள்வி நல்ல கேள்வி. மரியாதையாகத்தான் கேட்டார். அவள் வாயில் ‘அந்தப் பக்கம்’ என்ற சொல் தானாக வந்து நின்றது. தண்ணீர் அவள் தொடையைச் சுற்றி அசையாமல் காதுகொடுத்து நின்றது.

“துவான், இறங்கி மேலே வாங்க. வந்து கேளுங்க.”

“இங்கேயே சொல்லலாமே.”

“இங்கேயே சொன்னாரு எங்கப்பா.”

அதிகாரி தன் சப்பாத்தைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். சொல்லிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். தியோங் சிப்பி பொறுக்கினாள். ஒரு மணி நேரத்தில் இறக்கம் வந்து படகு சேற்றில் சாய்ந்து உட்கார்ந்தது. இனி அடுத்த ஏற்றம் வரைக்கும் அது நகராது. அவர் சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றி மடித்துப் பாக்கெட்டில் வைத்தார், முதல் அடியிலேயே முழங்கால் வரைக்கும் போனார். தியோங் கை கொடுக்கவில்லை. எங்கே மிதிக்க வேண்டும் என்று மட்டும் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மேட்டில் ஏறியதும் அவள் பாவாடை முனையால் காலைத் துடைத்தாள், விரலிடுக்கு ஒவ்வொன்றாக, ஈரம் இல்லாமல். அவருடைய காலையும் துடைக்கச் சொன்னாள். போலீஸ்காரர்கள் படகில் இருந்தபடியே பார்த்தார்கள்.

“இப்பக் கேளுங்க துவான்.”

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார், “இந்த இடத்தின் பெயர் என்ன?”

அவள் சொன்னாள். தரை தரையாகவே இருந்தது. அவர் எழுதினார், சரியா என்று காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆகவே தலையை ஆட்டாமல், “திருப்பிச் சொல்லுங்க,” என்றாள். அவர் சொன்னார். உச்சரிப்பு கேவலமாக இருந்தது. மூன்று தடவை சொல்ல வைத்தாள். பிறகு முதல் ஓடையின் பேரைச் சொன்னாள், அவர் முடிப்பதற்குள் இரண்டாவதைச் சொன்னாள். பின்னாலிருந்து ஒரு பெண், எங்க ஓடையை விட்டுட்ட என்று கத்தினாள், இன்னொருத்தன் வரிசை தப்பு என்றான், பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள், நாற்பத்தொரு குடும்பமும் ஒரே நேரத்தில் பேசியது.

“மெதுவாக, ஒவ்வொருவராக,” என்றார் அதிகாரி.

“நாங்க மெதுவாத்தான் சொல்றோம்,” என்றான் சுடின் லூவாயில். அதை மலாயில் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தியோங் சொன்னாள், “அடுத்த தாளை எடுங்க துவான்.”